நேரலை இசை நாடகத்தில் பாட்டு முடிந்த பிறகு வரும் அமைதி: உங்களுக்கு எப்படி இருந்தது?

அரங்கப்பிரியன்:

என்.பி.சி. தொலைக்காட்சி 2013 டிசம்பர் 5 அன்று 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசை நாடகத்தை நேரலையாக ஒளிபரப்பியது. அதன்பின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இவ்வகை நிகழ்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்றாவது வந்தது. ஒவ்வொரு முறையும் மறுநாள் எழும் பேச்சு, யாருக்கு எந்த வேடம் பொருந்தியது, யாருடைய குரல் தடுமாறியது என்பதோடு நின்றுவிடுகிறது. இந்த இழையில் நான் கேட்க விரும்புவது வேறு.

அந்த முதல் நிகழ்ச்சியில், மடத்துத் தலைவியாக வந்த ஆட்ரா மெக்டொனால்டு 'கிளைம்ப் எவ்ரி மவுண்டன்' பாடினார். கதாநாயகி மரியாவாக வந்த பாடகி கேரி அண்டர்வுட்டின் நடிப்பைக் கடுமையாகக் குறை கூறியவர்கள்கூட அந்தப் பாட்டைக் குறை கூறவில்லை. நாடக அரங்கில் ஒருவர் அப்படிப் பாடி முடித்தால், கூட்டம் அடங்கும் வரை அடுத்த வசனத்தை யாராலும் தொடங்க முடியாது. நியூயார்க் மாநிலத்தின் பெத்பேஜ் படப்பிடிப்புத் தளத்திலோ பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. கடைசிச் சுரம் அடங்கியது, ஒரு கணம் வெறுமையாக நின்றது, நிகழ்ச்சி நகர்ந்துவிட்டது. சுமார் 1.86 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய கைத்தட்டலும் பாடியவரின் காதில் விழவில்லை.

நகைச்சுவை இடங்களில் இது இன்னும் உறுத்தியது. மேடைக்காக எழுதப்பட்ட வசனத்தில், சிரிப்புக்கென்று ஓர் இடைவெளி விட்டே அடுத்த வரி வரும். சிரிப்பு வராதபோது அந்த இடைவெளி, நடிகர் வசனத்தை மறந்துவிட்டாரோ என்று எண்ண வைக்கிறது. அன்றிரவு அண்டர்வுட் மீது பொழிந்த கேலியில் ஒரு பங்கு இந்த வெறுமையின் மீது வந்திருக்க வேண்டியது என்பது என் எண்ணம். நீங்கள் எப்படி உணர்ந்தீர்கள்?

வெண்திரை:

அரங்கப்பிரியன் அவர்களே, நீங்கள் சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. அமைதிதான் காரணம் என்றால், அதே அமைதியில் நடித்த மற்றவர்களும் தடுமாறியிருக்க வேண்டும் அல்லவா? கதாநாயகனுக்கு மணம் பேசப்பட்ட எல்சாவாக வந்த லாரா பெனான்டியும் குடும்ப நண்பர் மேக்ஸாக வந்த கிறிஸ்டியன் போர்லும் ஒரு சிரிப்பும் கேட்காமலே தங்கள் காட்சிகளை லாவகமாகக் கொண்டு சென்றார்கள். பெனான்டி இதே நாடகத்தின் 1998 பிராட்வே (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள்) மறுதயாரிப்பில் மரியா வேடத்தையே ஏற்றவர். அதனால்தான், மரியாவாக நடித்திருக்க வேண்டியவர் துணை வேடத்தில் ஓரமாக நிற்கிறாரே என்று அன்றிரவு பலர் வருந்தினார்கள். அண்டர்வுட் நல்ல பாடகி. ஆனால் மூன்று மணி நேர நிகழ்ச்சியை நடித்துச் சுமக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆயிரம் பேர் கைதட்டியிருந்தாலும் அந்தக் குறை மறைந்திருக்காது.

மக்கள் எதிர்ப்பில் இன்னொரு காரணத்தையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். ஒளிபரப்பானது 1959 ஆம் ஆண்டு மேடை நாடகத்தைத் தழுவியது. வீட்டிலிருந்தவர்கள் மனத்தில் வைத்திருந்ததோ 1965 ஆம் ஆண்டுத் திரைப்படம். படத்தில் இடிமழை இரவில் குழந்தைகளோடு வரும் 'மை ஃபேவரிட் திங்ஸ்', நாடகத்தில் மரியாவும் மடத்துத் தலைவியும் சேர்ந்து பாடுவது. படத்தில் இல்லாத எல்சா, மேக்ஸ் பாடல்கள் நாடகத்தில் உண்டு. 'பாட்டை ஏன் இடம் மாற்றினீர்கள்' என்று கோபப்பட்டவர்களுக்கு, மாற்றியது திரைப்படம்தான் என்பது தெரியவில்லை. இந்த ஏமாற்றத்துக்கும் கைத்தட்டலுக்கும் தொடர்பே இல்லை.

பழம்பெட்டி:

இந்த இடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்வது பயன் தரும் என்று நினைக்கிறேன். 1957 மார்ச் 31 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சி, ஜூலி ஆண்ட்ரூஸை வைத்து 'சின்ட்ரெல்லா'வை நேரலையாக ஒளிபரப்பியது. பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. அங்கும் கைதட்டக் கூட்டம் கிடையாது. இன்று அதன் பதிவைப் பார்ப்பவர்க்கும் அது ஒரு குறையாகத் தோன்றுவதில்லை. இசையமைப்பாளர் ரோட்ஜர்ஸும் பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைனும் அதைத் தொலைக்காட்சிக்கென்றே எழுதினார்கள் என்பதே காரணம். பாட்டு முடிந்ததும் கேமரா எங்கே போக வேண்டும் என்பது எழுத்திலேயே தீர்மானிக்கப்பட்டிருந்தது. யாருடைய ஆரவாரத்துக்கும் அது காத்திருக்கவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1955 மார்ச் 7 அன்று என்.பி.சி.யில் மேரி மார்ட்டின் நடித்த 'பீட்டர் பான்' வந்தது. இது மேடைக்காகவே உருவான நாடகம். ஆனால் அந்தக் குழுவினர் முந்தைய அக்டோபரிலிருந்து பிப்ரவரி இறுதி வரை பிராட்வேயில் நடித்துவிட்டு நேரே தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்தவர்கள். எந்த வரிக்குக் குழந்தைகள் சிரிப்பார்கள், எங்கே மூச்சை அடக்குவார்கள் என்பது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. எதிரே யாரும் இல்லாதபோதும், நான்கு மாதக் கூட்டத்தை மனத்தில் வைத்து அவர்களால் நடிக்க முடிந்தது. 2013 இல் அண்டர்வுட்டுக்குக் கிடைத்தவை ஒத்திகைகள் மட்டுமே. வெண்திரை அவர்கள் சுட்டிய பெனான்டியும் போர்லும் மெக்டொனால்டும் பல்லாண்டு மேடைக் கூட்டத்தோடு வளர்ந்தவர்கள். ஆகவே 'அதே அமைதி' என்பது சரியல்ல. சிலர் காதில் பழைய கைத்தட்டல் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒருவர் காதில் அது ஒருபோதும் விழுந்ததில்லை.

டிங்கர் பெல் காட்சியையும் இங்கே சொல்ல வேண்டும். நஞ்சு குடித்த தேவதை பிழைக்க வேண்டுமானால், தேவதைகளை நம்புகிறவர்கள் எல்லோரும் கைதட்ட வேண்டும் என்று பீட்டர் நேரடியாகப் பார்வையாளரிடம் கேட்கும் இடம் அது. 1955 இல் மேரி மார்ட்டின் கேமராவைப் பார்த்து அதைக் கேட்டார். என்.பி.சி. 'பீட்டர் பானை' மீண்டும் நேரலையாகத் தந்த 2014 டிசம்பர் 4 ஒளிபரப்பில் அந்த இடத்துக்கென்று ட்விட்டரில் ஒரு ஹேஷ்டேக்கையும் சேர்த்தார்கள். இரண்டு முறையும் வீட்டுக் கூடத்தில் எழுந்த ஒலி நடிகருக்கு எட்டவில்லை. ஆனால் கைதட்டும் குழந்தை தான் நாடகத்துக்குள் இருப்பதாக நம்பும். கைப்பேசியில் தட்டச்சு செய்பவர், தான் நாடகத்தைப் பற்றிப் பேசுவதை அறிந்தே இருப்பார்.

மேற்குக்கரை:

பழம்பெட்டி ஐயா கடைசியில் சொன்னதை அப்படியே விட எனக்கு மனமில்லை. அரங்கில் கூட்டம் இல்லாதபோது ட்விட்டர்தான் கூட்டமாக இருந்தது. 'பீட்டர் பான்' அன்று கிறிஸ்டோபர் வாக்கன் கேப்டன் ஹுக்காக வந்து, பாதி உறக்கத்தில் இருப்பவர்போல் ஆடியபோது, அது சலிப்பா, திட்டமிட்ட நையாண்டியா என்று முகம் தெரியாத பலர் ஒரே நேரத்தில் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். தனியாகப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் அலைவரிசையை மாற்றியிருப்பேன். சில ஆண்டுகள் கழித்து 2019 இல் ஏ.பி.சி.யின் 'லிட்டில் மெர்மெய்ட்' நிகழ்ச்சியில் ஷாகி நண்டு வேடத்தில் கொடுக்கே இல்லாமல் வெறும் சிவப்பு உடையில் வந்தார். அன்றிரவு முழுவதும் அந்தக் கொடுக்கைத் தேடிய கேலிகள் நிகழ்ச்சியைவிடச் சுவையாக இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் மேற்குக் கரையில் வாழும் எங்களுக்கு இதில் ஒரு நிரந்தரக் குறை உண்டு. கிழக்கில் நேரலையாக இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் என்.பி.சி. நிகழ்ச்சி, எங்களிடம் மூன்று மணி நேரம் கழித்துப் பதிவாகவே வந்து சேர்ந்தது. எந்தக் காட்சி சிரிப்புக்கிடமானது, யார் நன்றாகப் பாடினார் என்ற தீர்ப்பு எல்லாம் அதற்குள் எழுதி முடிந்துவிடும். 'நேரலை' என்ற சொல்லைத் திரையில் பார்த்தபடியே பழைய நிகழ்ச்சியைப் பார்த்தோம். எங்கள் பகுதியினரின் கருத்துகள் பெரும்பாலும் ஏளனமாகவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே கேலி செய்யப்பட்டதைப் புதிதாகப் பார்க்கும் கண் யாருக்கும் வாய்ப்பதில்லை.

கேலியின் கொடுமையையும் மறுக்கவில்லை. 2013 இல் தம்மை வசைபாடியவர்களுக்காகப் பிரார்த்திப்பதாக அண்டர்வுட் எழுத நேர்ந்தது. 2015 இல் 'தி விஸ்' வந்தபோது, நடிகர்கள் அனைவரும் கறுப்பினத்தவராக இருப்பது பாகுபாடு என்று சிலர் முறையிட்டார்கள். அந்த நாடகமே 1975 இல் பிராட்வேயில் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டு உருவானது என்பதைப் பிறர் அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. அப்போது கதாநாயகி டோரதியாக நடித்த ஸ்டெஃபனி மில்ஸ், இந்த ஒளிபரப்பில் டோரதியின் அத்தை 'எம்' ஆக வந்து முதல் பாட்டைப் பாடினார். அவர் பாடும்போது வரலாறு தெரிந்தவர்கள் எழுதிய வரிகள், ஒரு நல்ல அரங்கத்தின் கைத்தட்டலுக்குக் குறைந்தவை அல்ல.

ஒலிக்கலவை:

ஒலிப் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒரு விளக்கம். பார்வையாளரைக் கொண்டுவந்து அமர்த்துவதால் மட்டும் சிக்கல் தீராது. வேறு வடிவில் திரும்பி வரும். அரங்கில் அமர்ந்திருப்பவருக்குப் பாடகரின் குரல் முன்னாலிருந்தும், கூட்டத்தின் இரைச்சல் பக்கத்திலும் பின்னாலும் இருந்தும் வருகிறது. ஆகவே இரண்டையும் காது தானாகப் பிரித்துவிடுகிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் இரண்டும் ஒரே ஒலிபெருக்கியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. கூட்டத்துக்கென்று தனி மைக் வைத்து, அதன் அளவைக் கையால் ஏற்றி இறக்கிக்கொண்டேதான் இருக்க வேண்டும். அப்படியும், பாடகர் சட்டையில் உள்ள மைக்குக்குள் அருகிலிருப்பவரின் கூச்சல் புகுந்துவிட்டால் அதை நீக்க வழியில்லை.

ஃபாக்ஸ் நிறுவனம் 2016 ஜனவரி 31 அன்று ஒளிபரப்பிய 'கிரீஸ்' இதைச் சரியாகக் கையாண்டது என்பது என் கணிப்பு. தாமஸ் கெய்ல் இயக்கத்தில், பர்பாங்கில் உள்ள வார்னர் பிரதர்ஸ் வளாகத்தில், பார்வையாளர்களைக் காட்சிக்கு உள்ளேயே அமர்த்தினார்கள். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடனப் போட்டி நடந்தால் அங்கே கத்த வேண்டியவர்கள் மாணவர்கள். பார்வையாளர்களே அந்த மாணவர்கள். இரைச்சல் கதைக்குள்ளிருந்து வந்ததால் உறுத்தவில்லை. நடிகர்கள் ஆடுவதற்கு யாரோ எதிரில் இருக்கிறார்கள் என்பது அவர்கள் தோளிலும் காலிலும் தெரிந்தது.

2018 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறன்று என்.பி.சி.யில் வந்த 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' வேறு விதம். புரூக்ளினில் உள்ள ஒரு பழைய படைக்கல மண்டபத்தில், மேடையை ஒட்டியே கூட்டம் நின்றது. அந்தப் படைப்பு முழுவதும் பாட்டு. வசனம் பேசி மூச்சு விடும் இடமே கிடையாது. ஒரு பாட்டின் இறுதி அடங்கும் முன்பே அடுத்ததன் முதல் வரி தொடங்கும். ஆகவே ஒவ்வொரு ஆரவாரமும் ஒரு பாடல் வரியை விழுங்கியது. இயேசுவாக வந்த ஜான் லெஜண்டின் மென்மையான குரல் இதில் பெரிதும் அடிபட்டது. யூதாஸாக வந்த பிராண்டன் விக்டர் டிக்சனின் குரல் கூச்சலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவர்தான் அன்றைய நாயகர் என்று பலர் எழுதியதற்கு அவருடைய திறமையோடு இந்த எளிய காரணமும் சேர்ந்திருக்கலாம். துன்பப்படும் ஒருவரின் கதைக்கு ராக் கச்சேரிக் கூச்சலா என்று சிலர் வருந்தினார்கள். தலைப்பிலேயே 'கச்சேரி வடிவில்' என்று சொல்லித்தான் ஒளிபரப்பினார்கள் என்பதால், அந்த வருத்தத்தில் எனக்கு உடன்பாடில்லை. என் வருத்தம் சொற்கள் கேட்கவில்லை என்பது மட்டுமே.

தாளக்கட்டு:

இவ்வளவு நேரம் 'ரென்ட்' பற்றி ஒருவரும் பேசாதது வியப்பு. அங்கே கைத்தட்டலும் இருந்தது, கூச்சலும் இருந்தது, நேரலைதான் இல்லை. அரங்கப்பிரியன் அவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்?

அரங்கப்பிரியன்:

அந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தேன். நிகழ்ச்சியை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: 2019 ஜனவரி 27 ஒளிபரப்புக்கு முந்தைய இரவு, உடையலங்கார ஒத்திகையின்போது, ரோஜராக நடித்த பிரெனின் ஹன்ட் காலை உடைத்துக்கொண்டார். பிராட்வேயில் இது பெரிய செய்தியே அல்ல. மாற்று நடிகர் ஒருவர் ஆயத்தமாக இருப்பார், திரை உயரும். தொலைக்காட்சித் தயாரிப்பில் மாற்று நடிகர் வைக்கப்படவில்லை. ஆகவே ஃபாக்ஸ் நிறுவனம் முந்தைய இரவு ஒத்திகைப் பதிவையே பெரும்பகுதி ஒளிபரப்பியது. கடைசிப் பகுதி மட்டும், ஹன்ட் சக்கர நாற்காலியில் காலை நீட்டி அமர்ந்திருக்க, நேரலையாக வந்தது. முதல் பிராட்வே தயாரிப்பின் நடிகர்களும் இறுதிப் பாட்டில் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஒத்திகைப் பதிவில் கூட்டம் இருந்தது, கைதட்டல் உண்மையானது. ஆயினும் பார்த்த பலர் தங்களை ஏமாற்றிவிட்டதாகவே எழுதினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது என் வாதத்துக்கு எதிரானது. ஆனால் அந்தக் கடைசிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். நடமாட்டம் குறைந்துவிட்டது, காட்சியமைப்பு சுருங்கிவிட்டது, தொழில்நுட்ப அளவில் பதிவைவிடக் குறைவானது. இருந்தும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி எழுதியவர்கள் மட்டுமே நெகிழ்ந்து எழுதினார்கள். ஆரவாரமும் அப்போதுதான் இடத்துக்குப் பொருந்தியது. ஏனெனில் அங்கே நின்றவர்களும் வீட்டில் இருந்தவர்களும் ஒரே கணத்தில் ஒரே மனிதரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

வெண்திரை:

நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் சான்று, நண்பரே. மக்கள் விரும்பியது கைத்தட்டலை அல்ல, ஆபத்தை. ஏதேனும் தவறிப்போகலாம் என்ற பதற்றத்தை. 'கிரீஸ்' ஏன் பாராட்டப்பட்டது? அன்று பர்பாங்கில் மழை பெய்தது. ஜெஸ்ஸி ஜே பாடிய திறப்புப் பாட்டில் குடைகள் விரிந்தன. காட்சித் தளங்களுக்கிடையே நடிகர்கள் வாகனங்களில் விரைந்தார்கள். வனெசா ஹட்ஜன்ஸின் தந்தை முந்தைய இரவில்தான் காலமாகியிருந்தார். அவர் ரிஸோவாக வந்து தம் தனிப் பாட்டைப் பாடியபோது, செய்தி அறிந்திருந்த எவருக்கும் அரங்கின் கைத்தட்டல் தேவைப்படவில்லை. அந்தப் பாட்டைக் கூட்டமே இல்லாத தளத்தில் பாடியிருந்தால் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

பழம்பெட்டி:

'இன்னும் ஆழமாக' என்பதற்கு உங்களிடம் சான்று இல்லை, வெண்திரை அவர்களே; ஆனால் உணர்வை மதிக்கிறேன்.

கூட்டத்தைக் காட்டும் முறையில் மோசமானது எது என்றால் 2016 டிசம்பர் 7 'ஹேர்ஸ்ப்ரே'யைச் சொல்வேன். விளம்பரத்துக்குப் போகும்போதும் வரும்போதும் டேரன் கிறிஸ் தளத்தின் பின்புறத்தைச் சுற்றிக்காட்டினார். வேறு ஊர்களில் கூடி நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்கள் குதிப்பதும் திரையில் வந்தது. ஜெனிஃபர் ஹட்சன் பாடிய பாட்டுக்குப் பிறகு எனக்கு என்ன தோன்றுகிறது என்பதை நானே அறிந்துகொள்ளச் சில நொடிகள் வேண்டும். அந்த நொடிகளில் 'மற்றவர்கள் இப்படி மகிழ்கிறார்கள், பாருங்கள்' என்று காட்டுவது, விருந்தில் நம் இலையை விட்டுவிட்டு அடுத்தவர் இலையைப் பார்க்கச் சொல்வதுபோல. 2013 இன் அமைதியை இதைவிட மேலாகவே கருதுகிறேன்.

மேற்குக்கரை:

அதில் நான் முழுமையாக உடன்படுகிறேன். எங்களுக்கு அந்த ரசிகர்களும் மூன்று மணி நேரம் பழையவர்கள்.

தாளக்கட்டு:

ஒலிக்கலவை அவர்களிடம் ஒரு நேரடிக் கேள்வி. உங்களிடம் பொறுப்பை ஒப்படைத்தால், கூட்டத்தை எப்படி அமைப்பீர்கள்?

ஒலிக்கலவை:

முதலில், ஆயிரக்கணக்கில் அழைக்க மாட்டேன். சிரிப்பு சிரிப்பாகக் கேட்க, சில நூறு பேர் போதும். அதற்கு மேல் போனால் எல்லா உணர்ச்சியும் ஒரே இரைச்சலாகிவிடுகிறது. இரண்டாவதாக, மேடையை ஒட்டி நிறுத்தாமல் சற்றுத் தள்ளி அமர்த்துவேன். நடிகரின் மைக்குக்குள் கூட்டம் புகாமலிருக்க அந்த இடைவெளி அவசியம். பாட்டு நடக்கும்போது கூட்டத்தின் மைக்கை மிகக் குறைத்து, கடைசிச் சுரம் அடங்கத் தொடங்கும்போது மட்டும் ஏற்றுவேன். இதற்குக் கலவை மேசையில் இருப்பவர் நாடகத்தை நடிகர் அளவுக்கு அறிந்திருக்க வேண்டும். அவரையும் ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே அழைக்க வேண்டும். 'சூப்பர்ஸ்டார்' போல இடைவெளியே இல்லாத படைப்பு என்றால், எங்கெங்கே கைதட்டலுக்கு இசைக்குழு நான்கு தாளச் சுற்றுகள் கூடுதலாக வாசிக்கும் என்பதை முன்பே இசை இயக்குநரோடு முடிவு செய்துகொள்வேன்.

விளம்பர இடைவேளைதான் என் கையில் இல்லாதது. கைத்தட்டல் உச்சத்தில் இருக்கும்போது வெட்டிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டால், நான் செய்த அனைத்தும் வீண். பாட்டு முடிந்த பிறகு பத்து நொடி விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டால் பொறுப்பை ஏற்பேன்.

வெண்திரை:

அந்தப் பத்து நொடியை எனக்கும் கொடுத்துவிடுங்கள், கைத்தட்டல் இல்லாமல்.